மான் வேட்டைக்கு ஒரு பனியன்

வெளியே அக்னி நட்சத்திரம். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் தார் இளகி, நடந்தால் செருப்பு நம்மோடு வர மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. அந்த நடுப்பகலில் நான் ஒரு மீன் கோல்டு ஸ்டோரேஜுக்குள், கழுத்திலிருந்து கணுக்கால்வரை தோலோடு ஒட்டிய கறுப்பு உடை ஒன்றை மாட்டிக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியின்மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே வரிசையாக வஞ்சிரம். அவை என்னைப் பார்க்கின்றன. நான் அவற்றைப் பார்க்கிறேன். எங்களில் யார் இன்னும் உயிரோடு இருப்பது என்பதில் இருதரப்புக்கும் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது.

கதவில் கையகலக் கண்ணாடி. அதில் டில்லியின் முகம். டில்லி என் பள்ளித் தோழன், இந்தக் கிடங்கின் சூப்பர்வைசர். கதவைக் கொஞ்சமாகத் திறந்து, “மாமு, நடுங்குதா?” என்றான்.

பேசக் கூடாது என்பது விதி. கட்டை விரலை ஆட்டினேன்.

“வெரலு நடுங்குதா, இல்ல நடுங்கலன்னு வெரல ஆட்டுறியா? ஒண்ணும் புரில. பேஜாரு பண்ணாதடா.”

அவனுக்குப் பின்னால் ஐஸ் ஏற்றும் ஆட்களின் குரல் கேட்டது.

“இன்னாண்ணா, உள்ள ஒருத்தர் குந்திகினு கீறாரு?”

“நம்ம தோஸ்து. வேட்டைக்குப் போறாரு.”

“எங்க?”

“கனடாவுக்கு.”

“அதுக்கு இன்னாத்துக்கு நம்ம ரூம்ல குந்தணும்?”

“டிரைனிங்கு.”

அதே குரல் கவலையோடு சொன்னது: “மீனுங்க மெர்சலாயிடப் போவுதுண்ணா.”

போன வாரம் இந்தப் பத்தியில் என் கடைவாய்ப்பல் போன கதையைப் படித்துவிட்டு, ‘உங்கள் வாழ்க்கையில் வீரம் என்று எதுவுமே நடந்ததில்லையா?’ என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அம்மணி, இதோ. இதற்குமேல் என்னிடம் இல்லை.

சவரி வைத்த நிபந்தனை

சவரிமுத்து எனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தோழன். ராயபுரம் மாதா கோயிலுக்குப் பின்தெரு. கோயில் மணி அடித்தால் அவன் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் பேசும். அப்பா ரயில்வேயில். அம்மா மார்க்கெட் வாசலில், பூவரச மரத்தடியில் மீன் கூடை வைத்து விற்றவர். சவரி காட்டுப்பள்ளிப் பக்கம் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டராக இருந்து, அங்கிருந்து கனடாவுக்குப் போனான். மலைக்காட்டை ஒட்டி ஒரு சிற்றூர். குழாய்களுக்கு வெல்டிங்.

போனவன் வரவே இல்லை. முதலில் லீவு கிடைக்கவில்லை. பிறகு குடியுரிமைக் காகிதம். அம்மா இறந்தது ஊரடங்கில், விமானங்களே பறக்காத காலத்தில்; போனில்தான் அடக்கம் பார்த்தான். போனைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அதற்கப்புறம், “இனிமே யாரப் பாக்கடா வரது?” என்பான். “ஏன், நான் இல்லையா?” என்று கேட்டால், “உன்னதான் தெனம் போன்ல பாத்துகினு கீறனே, அதே பேஜாரு” என்பான்.

அங்கே அவன் முறையாக லைசென்ஸ் எடுத்து, இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்குப் போகிறவனாக ஆகியிருந்தான். ஒரு மான் கிடைத்தால் குளிர்காலம் முழுக்க வீட்டில் கறி. போட்டோ அனுப்புவான். துப்பாக்கியும் ஆரஞ்சு ஜாக்கெட்டுமாக நிற்கிறவனைப் பார்த்தால், எங்கள் வகுப்பில் கரப்பான்பூச்சிக்குப் பெஞ்சுமேல் ஏறியவன் இவன்தானா என்று இருக்கும்.

என் மகள் அந்த நாட்டில் வேலைக்குச் சேர்ந்து, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் டிக்கெட் போடுகிறேன் என்றதும் சவரிக்குத்தான் முதலில் போன் பண்ணினேன். கத்தியே விட்டேன். “சவரி! நானும் வேட்டைக்கு வரேண்டா!”

வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டான். வந்தது.

“மாமு, நல்லா கேட்டுக்கோ. மலை ஏறணும். ஏறும்போது நாய் மாரி வேக்கும். மேல போயி மணிக்கணக்கா அசையாம குந்தணும். அப்ப அந்த வேர்வையே ஐஸாவும். பல்லு அட்ச்சிக்கிற சத்தம் கேட்டா மான் வராது. உள்ள போட்ற துணி கரீக்டா இல்லன்னா உன்ன வண்டிலயே குந்த வச்சிட்டுப் போயிடுவேன். காட்டன் வேணாம். உடம்போட ஒட்டிகினு இருக்கணும். அப்பால, செண்டு கிண்டு அட்ச்சிகினு வராத, மானுக்கு மூக்கு ஜாஸ்தி. எல்லாத்துக்கும் மேல வாயத் தொறக்கக் கூடாது. எண்ணூர்ல இன்னா பண்ணன்னு ஞாபகம் கீதில்ல?”

ஞாபகம் இருக்கிறது.

எண்ணூரில் என்ன நடந்தது

எங்களுக்கும் வேட்டைப் பரம்பரை உண்டு. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு எண்ணூர் பக்கம் காத்திவாக்கம் போய், கழிமுகத்துச் சேற்றில் நண்டு பிடிப்போம். அந்த வேட்டையில் உள்ளாடைத் தேர்வு மிக எளிது. எதுவும் கிடையாது. சீருடை கரையில் பத்திரமாக மடித்து வைக்கப்பட்டிருக்கும். நாங்கள் பிறந்தபடி சேற்றில். சூடும் குளிரும் தாங்கக்கூடிய, உடம்போடு கச்சிதமாக ஒட்டிய, உடனே உலரும் அந்த உடையை இன்றுவரை எந்தக் கம்பெனியும் மிஞ்சவில்லை.

ஒருநாள் சவரி ஒரு வளைக்கு முன்னால் மூச்சுகூட விடாமல் குனிந்திருந்தான். உள்ளே ஒரு பெரிய சேற்று நண்டு. கொடுக்கு மட்டும் என் மணிக்கட்டுப் பருமன் இருக்கும். அது மெதுவாக வெளியே வர, சவரியின் கை மெதுவாக இறங்க, அந்தப் புனிதமான கணத்தில் நான், “சவரி, இத சமைக்க உங்க வூட்ல அவ்ளோ பெரிய சட்டி கீதா?” என்று கேட்டேன். நண்டு பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அவன் என்னைச் சேற்றில் அழுத்திவிட்டு ஒரு வாரம் பேசவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்த நண்டின் நீளம் ஆண்டுக்கு ஓர் அங்குலம் கூடிக்கொண்டே போகிறது.

ஆக, என் நிலைமை இதுதான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை காட்டுக்குள் போக ஒரு வாய்ப்பு. நடுங்கினால் வண்டியில். பேசினால் வண்டியில். வாயை நான் பார்த்துக்கொள்வேன் என்று நம்பினேன். நடுக்கத்துக்குத் துணி வாங்க வேண்டும்.

அடி அடுக்கு என்பது

சிக்கல் என்னவென்றால், எங்கள் ஊரில் உள்ளே போடுகிற துணி, வெளியே போடுகிற துணி என்ற பாகுபாடே கிடையாது. ராயபுரத்து ஆண்பிள்ளைக்குப் பனியன்தான் அடி அடுக்கு, பனியன்தான் மேல் அடுக்கு. லுங்கியும் பனியனுமாக டீக்கடைக்குப் போவோம், பஞ்சாயத்துக்குப் போவோம். பக்கத்து வீட்டு நிச்சயதார்த்தத்தில் பாதி வரைக்கும்கூட அப்படியே நின்றுவிட்டு, போட்டோ எடுக்கும்போதுதான் சட்டைக்கு ஓடுவோம்.

குளிர் பற்றியும் எங்கள் அறிவு ஏட்டறிவுதான். மார்கழியில் இரண்டு நாள் விடிகாலைக் காற்று கொஞ்சம் வீசினால் தெருவே குரங்குக் குல்லாய் போட்டுக்கொள்ளும். மூன்றாம் நாள் எல்லோருக்கும் ஜல்பு பிடித்திருக்கும், அதுவும் குல்லாய்க்குள் வியர்த்ததால்.

நான் படிக்கிற ஆள். எதையும் படித்துவிட்டுத்தான் செய்வேன். அதனால்தான் பெரும்பாலும் எதையும் செய்வதில்லை. இரண்டு வாரம் ராப்பகலாகப் படித்து, வீடியோ பார்த்து, நுண்ணிய ரோமம் உள்ள மெரினோ என்ற செம்மறியாட்டைப் பற்றி மேடையில் பேசும் அளவுக்குத் தேறிவிட்டேன். அந்த ஆட்டின் கம்பளியில் நெய்த உள்சட்டைதான் வேட்டைக்காரர்களின் கனவு. ஈரமானாலும் சூடு தரும், நாற்றம் பிடிக்காது. விலையைக் கேட்டதும் எனக்கே சூடு பிடித்தது. அந்தப் பணத்துக்கு முழு ஆட்டையே வாங்கிவந்து கூட்டிப்போகலாம்.

என் மனைவி செல்வி நான் படிப்பதையெல்லாம் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “ஊரே மேல இருக்கிறத கழட்டிப் போட்டுட்டு அலையுது. நீங்க உள்ள இன்னொண்ணு போட வழி தேடுறீங்க. கிளம்புங்க, வண்ணாரப்பேட்டைக்குப் போய் காதர் பாயைக் கேட்போம்.”

காதர் பாய் கடை

வண்ணாரப்பேட்டையில் கல்யாணப் புடவைக் கடைகள் நெருக்கியடிக்கும் தெருவில் ஒரு சந்து. அதன் முனையில் காதர் பாய். திருப்பூரிலிருந்து வெளிநாட்டுக்குப் போக வேண்டியது, ஏதோ ஒரு குறையால் போகாமல் நின்றுவிட்ட துணிகளை மூட்டையாக எடுத்து விற்பவர். வெளிநாடு போக ஆசைப்பட்டு நின்றுபோன என்னைப் போன்றவர்களுக்கு அவர் கடையில் ஒரு சொந்தம் உண்டு.

“பாய், பனிப் பிரதேசத்துக்கு உள்ளே போடுற மாதிரி வேணும்” என்றேன்.

“ஊட்டியா நைனா?”

“கனடா.”

“அல்லா! உத்தியோகமா?”

“மான் வேட்டை.”

காதர் பாய் என் வயிற்றைப் பார்த்தார். செல்வியைப் பார்த்தார். “அம்மா, நெசமாவா?”

“எங்கிட்ட கேக்காதீங்க பாய். நான் துணிக்குப் பேரம் பேச மட்டும்தான் வந்தேன்.”

மூன்று வகை எடுத்துப் போட்டார். முதலாவது, தடிப்பான வெள்ளைக் காட்டன். குளிருக்கென்றே கட்டம் கட்டமாக நெய்தது, தொட்டாலே தூக்கம் வரும். இரண்டாவது, கம்பளி கலந்தது. மூன்றாவது, வழவழவென்று கறுப்பாக ஒரு பாலியஸ்டர் செட். ஓடுகிறவர்களுக்காகத் தைத்தது. தட்டையான தையல், குனிந்தாலும் ஏறாத நீண்ட முதுகு, கழுத்தில் சின்ன ஜிப்.

“இதுல இன்னா பாய் குறை?”

“ஒண்ணுமில்ல நைனா. ஒரு கை கொஞ்சம் நீளம்.”

போட்டுப் பார்த்தேன். வலது கை மணிக்கட்டில் நின்றது. இடது கை விரல் நுனியைத் தாண்டித் தொங்கியது. உடம்போ பலாக்கொட்டை அடைத்த பை மாதிரி அங்கங்கே புடைத்துக்கொண்டு நின்றது. கண்ணாடியைப் பார்த்து செல்வி சிரித்த சிரிப்பில் பக்கத்துப் புடவைக் கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

“இவ்ளோ பிடிக்குதே பாய்?”

“பிடிக்கணும் நைனா. லூசா இருந்தா காத்து உள்ள வந்து குடும்பம் நடத்தும்.”

செல்வி நீளமான கையைப் பிடித்து ஆட்டினாள். “ஒரு கை தப்புன்னா, விலையில ஒரு கையைக் கழிச்சிக்கோங்க பாய்.” காதர் பாய் அதற்குமேல் வாதாடவில்லை. மூன்றையும் வாங்கினோம். மூன்றும் சேர்ந்தே அந்த மெரினோ ஆட்டின் ஒரு காலுக்குக்கூட வராது. மிச்சத்தில் நல்ல காலுறை வாங்குங்கள் என்று அவரே சொன்னார்.

ஆனால் எது? சவரி காட்டன் வேண்டாம் என்கிறான். டில்லியோ காட்டன்தான் என்று சத்தியம் செய்கிறான். “காட்டன்தான் மாமு உடம்புக்கு ஒத்துக்கும். எங்க அப்பா சாவுற வரிக்கும் காட்டன்தான்.” வட சென்னை முழுக்க அவன் கட்சி. போட்டுப் பார்த்தால்தான் தெரியும். எங்கே போட்டுப் பார்ப்பது?

“நம்மகிட்ட இல்லாத குளிரா?” என்றான் டில்லி.

மூன்று ஞாயிறுகள்

மீனை உறைய வைக்கும் அறைக்குள் என்னை அனுப்ப டில்லிக்குத் துணிவில்லை. ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை அடுக்கும் குளிர் அறையே போதும் என்றான். மலை ஏறி வியர்ப்பதற்குப் பதிலாக நான் முற்றத்தில் வெயிலில் மீன் பெட்டிகளைத் தூக்கி லாரியிலிருந்து அறைவரை கொண்டுபோக வேண்டும். சென்னையில் வியர்க்க மலை தேவையில்லை, வானம் இருந்தால் போதும். ஆனால் சவரி கேட்டது உழைத்து வரும் வியர்வை. எனவே பெட்டிகளை மார்போடு அணைத்துத் தூக்கினேன். உருகிய ஐஸ் தண்ணீர் ஒழுகி மார்பிலிருந்து காலுறைவரை போனது. ஆட்களுக்குப் பரம சந்தோஷம். “சார் வாரா வாரம் வந்தா நல்லாருக்கும்” என்றார்கள்.

முதல் ஞாயிறு, காட்டன். வெளியே சொர்க்கமாக இருந்தது. வியர்வையை எல்லாம் அம்மா மாதிரி வாங்கி வைத்துக்கொண்டது. உள்ளே போய் உட்கார்ந்ததும், வாங்கியதையெல்லாம் ஐஸாக்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தது. முதுகில் ஈரத் துணியைப் போர்த்தி ஃபேன் போட்ட மாதிரி. பல் தந்தியடித்தது. டில்லி கதவைத் திறந்து, “மாமு, உள்ள யாரோ டைப் அடிக்கிற மாரி சத்தம் வருது” என்றான். அன்றோடு அவன் கட்சி மாறினான்.

இரண்டாம் ஞாயிறு, கம்பளிக் கலப்பு. குளிரவில்லை. அரித்தது. வேட்டைக்காரன் அசையாமல் இருக்க வேண்டும். நானோ அரிக்கிற இடத்தைச் சொறிய, சொறிந்த இடத்துக்குப் பக்கத்தில் அரிக்க, பெட்டியின்மேல் ஒரு முழு நாட்டியமே ஆடி முடித்தேன்.

மூன்றாம் ஞாயிறுதான் நான் முதலில் சொன்ன காட்சி. கறுப்புப் பாலியஸ்டர். பெட்டி தூக்கும்போது உள்ளே அருவி கொட்டியது. ஆனால் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஓர் அதிசயம். தோல் உலர்ந்துவிட்டது! வியர்வை துணியின் வெளிப்பக்கத்துக்குப் போய் அங்கேயே காய்ந்துகொண்டிருந்தது. நீளமான இடது கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டேன், கையுறையே வேண்டாம். பல் அதன் இடத்தில் இருந்தது. வஞ்சிரங்களின் முன்னால் நான் ஒரு மலைபோல் உட்கார்ந்திருந்தேன். நேரம் போகப் போக உள்ளுக்குள் சிரிப்புப் பொங்கிக்கொண்டு வந்தது. போகிறேன். நிஜமாகவே போகிறேன்!

டில்லி கதவை முழுக்கத் திறந்தான். “மாமு, போதும் வா. இன்னும் குந்துனா உன்ன எட போட்டு லாரில ஏத்திடுவானுங்க.”

வெளியே வந்ததும் அவனைக் கட்டிக்கொண்டேன். அவனும் கட்டிக்கொண்டான். ஐஸ் ஆட்கள் கை தட்டினார்கள். அதற்கப்புறம் பயண மாதம்வரை ஒவ்வொரு ஞாயிறும் அதே உடை, அதே பெட்டி. செல்வி அதை வீட்டில் சோப்புப் போட்டு அலசி, துறைமுகத்தைப் பார்த்த பால்கனியில் காயப் போடுவாள். அதோடு சவரியின் விதிப்படி நான் செண்ட்டை நிறுத்தினேன். பவுடரை நிறுத்தினேன். தலைக்கு எண்ணெய்கூட நிறுத்தினேன். மானின் மூக்கை நினைத்து நான் விட்ட வாசனைகளைப் பட்டியல் போட்டால் ஒரு துறவியே வெட்கப்படுவான்.

பை திறந்தது

மகள் வீட்டில் செல்வியை விட்டுவிட்டு, பஸ் பிடித்துச் சவரியின் ஊருக்குப் போனேன். பஸ் நிலையத்தில் நின்றவன் பாதி நரைத்து, முழுக்கத் தடித்திருந்தான். கட்டிப்பிடித்தவன் உடனே பேச்சை வேலைக்குத் திருப்பினான். வீட்டுக்குப் போனதும், “துணிய எடு, பாக்கலாம்” என்றான்.

பெருமையோடு பையின் ஜிப்பை இழுத்தேன்.

சவரி ஓரடி பின்வாங்கினான். “இன்னாடா இது?”

“எது?”

“வாடை!”

“என்ன வாடை?” நான் நிஜமாகவே கேட்டேன். பையில் மூக்கை வைத்துப் பார்த்தேன். துணி வாசனை. சோப்பு வாசனை. நம் வீட்டு வாசனை.

சவரி சட்டையை இரண்டு விரலால் தூக்கினான். “மாமு, இத எங்க போட்டுப் பாத்த?”

சொன்னேன். காசிமேடு, டில்லி, பெட்டி, ஐஸ் தண்ணீர் எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே விஷயம் புரிந்தது. காட்டன் குளிரைப் பிடித்துக்கொள்ளும்; பாலியஸ்டர் நாற்றத்தைப் பிடித்துக்கொள்ளும். படித்த ஞாபகம் இருக்கிறது. படித்தபோது, நாற்றமா, அது மற்றவர்களுக்கு என்று தாண்டிப் போயிருந்தேன். கோடை முழுக்க ஊறிய மீன் எண்ணெய். டில்லிக்கும் செல்விக்கும் எனக்கும், எங்கள் தெருவில் ஒருவருக்கும், அது ஒரு வாடையாகவே தெரியவில்லை. காற்றின் வாடை காற்றுக்குத் தெரியுமா?

“ஒரு துளி செண்டுகூடப் போடலடா” என்றேன், பரிதாபமாக.

“செண்ட்டே போட்டுகினு வந்திருக்கலாம். இந்த வாடைக்கு மான் ஓடிப் போவும்.” ஒரு கணம் யோசித்தான். “கரடி ஓடி வரும்.”

தன் உள்சட்டை ஒன்றைக் கொடுத்தான். அதற்குள் என்னோடு இன்னும் ஓர் ஆளைக் குடிவைக்கலாம். காத்து உள்ளே குடும்பம் நடத்தும் என்று காதர் பாய் சொன்னது இதைத்தான். வெளிக் கோட்டு அவனுடையதே போதும், ஆனால் உள்ளே ஒட்டிய துணி இல்லாமல் மேலே கூட்டிப்போவது ஆபத்து என்று அவனே சொன்னான். ஆக வண்டிதான். வெளியே ஜன்னலில் மலை நீலமாகத் தெரிந்தது. இத்தனை தூரம் வந்து நான் கண்ணாடிக்குள்ளிருந்து பார்க்கப்போகும் மலை.

சவரி என் செட்டை எடுத்துக்கொண்டு போனான். வேட்டைக்காரர்களின் வாசனையில்லாத சோப்பில் துவைத்தான். முகர்ந்தான். மறுபடி துவைத்தான். வெளியே குளிரில் தொங்கவிட்டான். மறுநாள் காலை எடுத்து வந்து மூக்கருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

“கம்மியாயிடுச்சு” என்றான். “காத்து நம்ம மூஞ்சிக்கு அட்ச்சா பொழச்சோம். முதுகுக்கு அட்ச்சா கரடிய நீ பாத்துக்கோ. கெளம்பு.”

நான் குதித்தேன். அவன் வீட்டுத் தரை மரத்தரை. நன்றாகவே அதிர்ந்தது.

மேலே

ஏறினோம். பைன் மரங்கள். கீழே உறைந்த புல் காலடியில் அப்பளமாக நொறுங்கியது. என் மூச்சு எனக்கு முன்னால் புகையாகப் போய் வழி காட்டியது. உள்ளே வியர்வை ஓடியது. நான் கவலைப்படவில்லை, என் பனியனை எனக்குத் தெரியும். ஒரு சரிவின் விளிம்பில் விழுந்த மரம் ஒன்றின் பின்னால் உட்கார்ந்தோம். காற்று முகத்துக்கு. துப்பாக்கி சவரியின் மடியில். உதட்டில் விரல் வைத்துக் காட்டினான். நான் தலையசைத்தேன்.

உட்கார்ந்தோம். குளிர் வந்து கோட்டைத் தட்டிப் பார்த்தது. உள்ளே முதுகு உலர்ந்தது, மார்பு உலர்ந்தது. நடுக்கம் இல்லை. நீளக் கைக்குள் விரல்கள் வெதுவெதுப்பாக இருந்தன. காசிமேட்டு வஞ்சிரங்களே, உங்களுக்கு நன்றி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பேச வேண்டும் போல நூறு விஷயங்கள் தொண்டைவரை வந்தன. விழுங்கினேன்.

என் உடம்புச் சூட்டில் துணி சூடாகியிருக்க வேண்டும். கோட்டின் கழுத்து வழியாக மெல்ல ஒன்று எழுந்து வந்தது. இத்தனை சுத்தமான காற்றில், முதல் தடவையாக, எனக்கே தெரிந்தது.

சவரியின் மூக்கு அசைந்தது. என் பக்கம் திரும்பினான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். திட்டவில்லை. நெருங்கி உட்கார்ந்தான்.

“மாமு,” என்றான், கிசுகிசுப்பாக. நான் திகைத்தேன். விதி போட்டவன் அவன். “டில்லி இன்னும் அதே மாரியா கீறான்?”

தலையசைத்தேன்.

“ஐஸ் கம்பெனி வாசல்ல சுண்டல் வண்டி?”

தலையசைத்தேன்.

“சத்தம் போட்டுகினு மீன் ஏலம் வுடுவானுங்களே, விடியறதுக்கு முன்ன. அம்மா என்னயும் இட்டுகினு போவும். நான் மீன் கூடை மேலயே தூங்கிடுவேன்.” நிறுத்தினான். மறுபடி மூக்கை இழுத்தான். “வூட்டுக்கு வந்து கூடய எறக்கி வெச்சா, இப்டித்தான்டா இருக்கும்.”

அப்போதுதான் அது வந்தது. சரிவுக்குக் கீழே, மரங்களுக்கு நடுவில், ஒரு சத்தமும் இல்லாமல். கொம்பு வைத்த மான். எங்களைப் பார்க்கவில்லை. அதன் மூச்சும் புகையாகப் போனது. என் இதயம் அடித்த அடி பனியனைத் தாண்டி வெளியே கேட்டிருக்கும். சவரியின் தொடையை நீளக் கையால் மெல்ல அழுத்தினேன். அவன் பார்த்தான். பார்த்துவிட்டு, துப்பாக்கியைத் தொடாமல், என்னைப் பார்த்தான்.

“மார்க்கெட் வாசல்ல அந்தப் பூவரச மரம்,” என்றான். “அம்மா குந்துமே. அது கீதா மாமு? வெட்டிட்டானுங்களா?”

இதற்குத் தலையசைத்தால் போதாது. மான் காதைத் திருப்பிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை போதும், போய்விடும். இந்த ஒரு பார்வைக்காக நான் கோடை முழுக்க மீனோடு குடித்தனம் நடத்தியவன்.

“கீதுடா,” என்றேன். குரலை அடக்க மறந்துவிட்டேன். “ஒரு கெளைதான் ஒட்ச்சானுங்க. மீதி அப்டியே கீது. பூ பூத்துகினு கீது. கீழ இப்ப ரெண்டு பேரு கூடை வெச்சிகினு குந்திகினு கீறாங்க...”

மான் ஒரே தாவில் மரங்களுக்குள் மறைந்தது. புல் நொறுங்கும் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டு, நின்றது.

சவரி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. துப்பாக்கியை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

“அப்பால?” என்றான்.